தம்மைத் தாமே கண்டுகொண்ட தந்தை

ஓகஸ்ட் மாதம் 27ஆம் திகதி புனித மொனிக்கம்மாளையும், அடுத்த நாள் 28ஆம் திகதி அவருடைய மகன் புனித அகுஸ்தீனாரையும் திருச்சபை நினைவுகூருகின்றது. வழிதவறிய மகனுக்காக ஆண்டுக்கணக்கில் கண்ணீர் வடித்து மன்றாடிய அந்த அன்னையின் வரலாறு நம் குடும்பங்கள் நன்கறிந்த ஒன்று. ஆனால் அகுஸ்தீனாரும் ஒரு பிள்ளையின் தகப்பன் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆயராகவும் மறைவல்லுநராகவும் அவரை அறிந்திருக்கின்றோம். ஒரு மகனை வளர்த்து, அவனோடு ஒரே இரவில் திருமுழுக்குப் பெற்று, அவனை இளவயதிலேயே இழந்த தந்தையாக அவரை அறிந்தவர்கள் சிலரே.

ஊரறிந்த பாவத்தை விட்டுத் திரும்புவது கடினம். ஆயினும் பலர் திரும்பியிருக்கின்றனர். எல்லோரும் தம்மை நல்லவர் என்று போற்றும் வேளையில், தமக்குள் ஒளிந்திருக்கும் குறையைத் தேடிக் காண்பது அதனிலும் கடினம். அகுஸ்தீனார் இவ்விரண்டையும் செய்தவர். குடும்பத் தலைவர்கள் அவருடைய வாழ்வை ஒருமுறை அமைதியாக எண்ணிப் பார்ப்பது நன்று.

பத்ரீசியுஸ் என்னும் தகப்பனார்

அகுஸ்தீனார் 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி, வட ஆபிரிக்காவில் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பத்ரீசியுஸ் சிறிதளவு நிலபுலமும், ஊர் மன்றத்தில் உறுப்பினர் என்னும் மதிப்பும் உடையவர். அக்காலத்தில் அவர் கிறிஸ்தவர் அல்லர். தாராள மனம் படைத்தவர், ஆனால் முன்கோபி. மனைவிக்கு உண்மையுள்ளவராகவும் இருக்கவில்லை. அவருடைய கோபம் தணியும்வரை மொனிக்கம்மாள் எதிர்த்து ஒரு சொல்லும் பேசாது காத்திருந்து, பின்னர் தகுந்த வேளையில் எடுத்துக் கூறுவார்.

மகன் கெட்டிக்காரன் என்பதைத் தகப்பனார் கண்டுகொண்டார். அவனைப் பெரிய நாவலனாக்கி, நல்ல உத்தியோகத்தில் அமர்த்திவிட வேண்டும் என்பதே அவருடைய கனவு. தமக்குள்ள வசதிக்கு மிஞ்சிச் செலவு செய்து முதலில் மதாவுரா நகரிலே படிக்கவைத்தார். அடுத்து கார்த்தேஜ் மாநகருக்கு அனுப்பவேண்டும். அதற்குப் பணம் போதவில்லை. பணம் சேரும்வரை பதினாறு வயது அகுஸ்தீனார் ஒரு வருடம் வீட்டிலே சும்மா இருந்தார். கூட்டாளிகளோடு இரவிலே அயல் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்தது அந்த வருடத்திலேதான்.

மகனின் கல்விக்காக இவ்வளவு தியாகம் செய்த தகப்பனாரை ஊரார் புகழ்ந்தனர். ஆனால் அந்த மகன் இறைவன் திருமுன் எவ்வாறு வளர்கின்றான், ஒழுக்கமாக நடக்கின்றானா என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஒருநாள் குளிக்குமிடத்தில் மகன் வாலிபனாகிவிட்டதைக் கண்ட பத்ரீசியுஸ், பேரப்பிள்ளைகளைக் காணும் காலம் வந்துவிட்டது என்று பெருமை பொங்க மனைவியிடம் கூறினார். மொனிக்கம்மாளோ அஞ்சி நடுங்கி, மகனைத் தனியே அழைத்துப் புத்தி சொன்னார். மகனுக்கு அது பெண்பிள்ளைப் பேச்சாகவே பட்டது.

பத்ரீசியுஸைக் கெட்ட தகப்பன் என்று தள்ளிவிட முடியாது. பிள்ளைக்காக உழைத்தார், செலவழித்தார். அந்த உழைப்பினுள் தம்முடைய சொந்தப் பெருமை எவ்வளவு கலந்திருந்தது என்பதை மட்டும் அவர் காணவில்லை. எனினும் இறைவன் அவரைக் கைவிடவில்லை. மனைவியின் பொறுமை அவரை மெல்ல மெல்ல இளக்கியது. வாழ்நாளின் இறுதியில் அவர் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராகவே மரித்தார்.

தாமும் தந்தையானபோது

தகப்பனாரின் மறைவுக்குப் பின்னர், உரோமானியானுஸ் என்னும் செல்வந்தரின் உதவியால் அகுஸ்தீனார் கார்த்தேஜில் கல்வியைத் தொடர்ந்தார். அங்கே திருமணம் செய்யாமலே ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கினார். ஏறத்தாழ 372ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதேயோதாத்துஸ் என்று பெயரிட்டனர். கடவுளால் கொடுக்கப்பட்டவன் என்பது அப்பெயரின் பொருள். அப்போது தந்தைக்கு வயது பதினெட்டே. விரும்பிப் பெறாத பிள்ளைதான்; ஆனால் பிறந்தபின் தன்னை நேசிக்கும்படி அக்குழந்தை கட்டாயப்படுத்திவிட்டது என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

அக்காலத்திலேயே அவர் மனிக்கேயர் என்னும் கூட்டத்தாரோடு சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் அவர்களோடு இருந்தார். மனிதனுள் நல்ல இயல்பு ஒன்றும் தீய இயல்பு ஒன்றுமாக இரண்டு உள. பாவம் செய்வது அந்தத் தீய இயல்பே என்பது அவர்களுடைய போதனை. இப்போதனை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்பதை ஆயரான பின்னர்தான் அவர் வெளிப்படையாக எழுதினார். பாவம் செய்தது தாமல்ல, தம்முள் இருக்கும் வேறொன்று என்று சொல்லிக்கொள்வது அவருடைய அகந்தைக்கு இதமாயிருந்தது. குற்றத்தை ஏற்க மறுத்ததே தம்முடைய மிகக் கொடிய நோயாயிருந்தது என்று அவர் கண்டார்.

மனிக்கேயர் மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அந்தச் சாட்டு இன்னும் நம் வீடுகளில் வாழ்கின்றது. கோபித்தது நானல்ல, என் களைப்பு. கைநீட்டியது நானல்ல, அந்தக் குடி. கடுமையாகப் பேசியது நானல்ல, எங்கள் பரம்பரைக் குணம் என்று சொல்லாத தகப்பன் யார்?

மிலானில் கிடைத்த கண்ணாடி

383ஆம் ஆண்டில் தாயிடம் பொய் சொல்லி, இரவோடிரவாகக் கப்பலேறி உரோமாபுரிக்குச் சென்றார் அகுஸ்தீனார். அடுத்த ஆண்டு மிலான் நகரில் நாவன்மைக் கலைப் பேராசிரியர் பதவி கிடைத்தது. பேரரசரின் அரண்மனை அங்கேதான் இருந்தது. பத்ரீசியுஸ் கண்ட கனவு பலித்துவிட்டது. இன்னும் ஒரு படி ஏறினால் மாகாண ஆளுநர் பதவிகூடக் கைக்கெட்டலாம். அதற்குப் பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தில் பெண்ணெடுக்க வேண்டும். தாயாரும் அங்கு வந்து சேர்ந்து திருமணப் பேச்சுக்களை நடத்தினார்.

அந்தத் திருமணத்துக்குத் தடையாக நின்றவர், பல ஆண்டுகளாக உடன்வாழ்ந்து மகனைப் பெற்றுக் கொடுத்த பெண்மணியே. 385ஆம் ஆண்டளவில் அவர் ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இனி வேறு எந்த ஆடவனையும் அறிவதில்லை என்று இறைவனுக்கு நேர்ந்துகொண்டு அவர் சென்றார். சுமார் பதின்மூன்று வயதுச் சிறுவன் தகப்பனோடு தங்கினான். அப்பெண்மணியின் பெயரை வரலாறு நமக்குத் தரவில்லை.

தம் இதயம் பிளந்து குருதி வடிந்தது என்று அகுஸ்தீனார் அப்பிரிவைப் பற்றி எழுதினார். ஆனால் உடனே அடுத்த உண்மையையும் மறைக்காமல் எழுதினார். நிச்சயித்த பெண்ணுக்கு வயது வர இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகள்கூடப் பொறுக்க முடியாமல் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். தாம் திருமண வாழ்வை நேசித்தவர் அல்லர், இச்சைக்கு அடிமையானவர் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அனுப்பப்பட்ட அப்பெண்மணியின் உறுதிக்கு முன்னால் தாம் எவ்வளவு சிறியவர் என்பதையும் உணர்ந்தார்.

மிலானிலே ஆயர் புனித அம்புரோசியாரின் மறையுரைகள் அவருடைய அறிவின் ஐயங்களைத் தீர்த்தன. ஆனால் மனம் அசையவில்லை. 386ஆம் ஆண்டு கோடையில் பொந்திசியானுஸ் என்னும் நண்பர் வந்து, பாலைவனத் தவசியான புனித அந்தோனியாரைப் பற்றியும், அவரது வரலாற்றைப் படித்து உத்தியோகத்தைத் துறந்த இரு அரச அலுவலர்களைப் பற்றியும் கூறினார். கேட்டுக்கொண்டிருந்த அகுஸ்தீனாரை இறைவன் அவருக்கு நேராகவே திருப்பி நிறுத்தினார். இதுவரை தம்முடைய முதுகுக்குப் பின்னால் தம்மையே ஒளித்து வைத்திருந்ததையும், அழுக்கும் புண்ணுமாய் இருந்த தம் முகத்தை அன்று காணாமல் தப்ப வழியில்லாமற் போனதையும் அவர் விபரிக்கின்றார். அன்றே தோட்டத்தில் கண்ணீர் விட்டழுது, புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைத் திறந்து படித்தார். உள்ளத்து இருள் அகன்றது. பதவியைத் துறந்தார், நிச்சயித்த திருமணத்தையும் விட்டார்.

தகப்பனும் மகனும்

அதன்பின் மிலானுக்கு அப்பால் காசிசியாக்கும் என்னும் நாட்டுப்புறத்தில், தாயாரோடும் மகனோடும் நண்பர்களோடும் சில மாதங்கள் தங்கினார். பேரின்ப வாழ்வு எது என்று அங்கே உரையாடல் நடந்தது. இறைவனைத் தம்மிடம் கொண்டிருப்பவர் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் விடை கூறினர். யாரிடம் அசுத்த ஆவி இல்லையோ அவரே என்று பதிலளித்தான் சிறுவன் அதேயோதாத்துஸ். பெரியோரின் கல்வியறிவு கண்டதைவிட அந்தப் பிள்ளை உள்ளம் நேராகக் கண்டது.

387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பின்போது, முப்பத்திரண்டு வயதுத் தகப்பனும் பதினைந்து வயதளவான மகனும் நண்பர் அலிப்பியுஸும் அம்புரோசியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றனர். தகப்பன் மகனுக்கு முன்னே நடந்து வழிகாட்டியதாக இங்கே இல்லை. இருவரும் ஒரே வயதினராக, அருள்வாழ்வில் புதிதாய்ப் பிறந்த குழந்தைகளாக, ஒரே தண்ணீரில் இறங்கினர்.

அதே ஆண்டில் ஒஸ்தியாத் துறைமுகத்தில் மொனிக்கம்மாள் இறையடி சேர்ந்தார். பாட்டியார் உயிர்விட்ட அக்கணத்தில் அதேயோதாத்துஸ் ஓவென்று அலறினான். பெரியவர்கள் அவனை அடக்கினர். அகுஸ்தீனாரும் தம் கண்ணீரை வலிந்து அடக்கினார். ஆனால் மறுநாள் தனிமையில், அடக்க முடியாமல் தாயை நினைத்து அழுதார்.

388ஆம் ஆண்டில் தகப்பனும் மகனும் தகாஸ்தேக்குத் திரும்பினர். மகனோடு நடத்திய உரையாடலை ஆசிரியர் என்னும் நூலாக அகுஸ்தீனார் எழுதினார். உள்ளத்தில் இருந்து கற்பிக்கும் உண்மையான ஆசிரியர் கிறிஸ்துவே என்பது அந்நூலின் முடிவு. அதில் மகன் கூறுவதாக உள்ள கருத்துக்கள் எல்லாம் பதினாறு வயதில் அவனுடைய சொந்தக் கருத்துக்களே என்று தந்தை சாட்சி பகர்ந்தார். மகனுடைய அறிவாற்றல் தம்மை அச்சுறுத்தியதாகவும் எழுதினார். ஆனால், பத்ரீசியுஸ் தம்மைக் குறித்துப் பெருமை கொண்டதுபோல் அவர் கொள்ளவில்லை. அவனிடம் தாம் கொடுத்தது பாவம் ஒன்றே. மற்றெல்லாம் இறைவனின் கொடை என்றார். சில காலத்தில் அந்த மகனை ஆண்டவர் அழைத்துக்கொண்டார். அவன் இளமையைப் பற்றியோ வாழ்வைப் பற்றியோ இனி அச்சமில்லாமல் நினைவுகூர முடிகின்றது என்பதே அத்தகப்பன் தமக்குத் தேடிக்கொண்ட ஆறுதல்.

புகழின் நடுவே ஒளிந்திருந்தவை

391ஆம் ஆண்டில் ஹிப்போ நகரில் குருவாகவும், சில ஆண்டுகளில் அந்நகரின் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார் அகுஸ்தீனார். இப்போது அவர் ஒரு பெருங்குடும்பத்தின் தந்தை. அவரது மறையுரைகளைக் கேட்க மக்கள் திரண்டனர். பழைய பாவங்கள் எல்லாம் அகன்றுவிட்டன. வேறொருவராயின் இத்தோடு தம் வரலாற்றை முடித்திருப்பார்.

அவர் முடிக்கவில்லை. 397ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய ஒப்புதல்கள் என்னும் நூலில், பழைய அகுஸ்தீனாரைப் பற்றிக் கூறியபின், பத்தாம் பாகத்தில் இன்றைய ஆயர் எவ்வாறு இருக்கின்றார் என்று சோதித்தார். உணவை மருந்தாக உண்ணவேண்டும் என்று தீர்மானித்தும், உடல்நலம் என்ற போர்வையில் நாவின் சுவை புகுந்துகொள்வதைக் கண்டார். கோயிலில் பாடலின் பொருளைவிட இசை தம்மை அதிகம் இழுப்பதைக் கண்டார். வீட்டிலிருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதைப் பார்த்தபடி மனம் எங்கோ போய்விடுவதைக்கூட எழுதிவைத்தார்.

எல்லாவற்றையும்விட அவரைக் கலங்கவைத்தது புகழாசை. பணத்தில் பற்றுண்டா என்று அறியப் பணத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். புகழில் பற்றுண்டா என்று எப்படி அறிவது? யாவரும் வெறுக்கும்படி கெட்டவராக வாழ்ந்தா பார்ப்பது? புகழை வெறுக்கின்றேன் என்று சொல்வதிலும் ஒரு வீண்பெருமை இருக்கின்றதே! இறுதியில் ஓர் உரைகல்லைக் கண்டார். வேறொருவர் அநியாயமாக இகழப்படும்போது ஏற்படாத வேதனை, அதே இகழ்ச்சி தம்மீது வரும்போது ஏன் ஏற்படுகின்றது என்று தம்மையே கேட்டார். விடை அவருக்குத் தெரிந்திருந்தது.

தந்தையர் தம் வீட்டில் பயன்படுத்தக்கூடிய உரைகல் இது. மகன் பரீட்சையில் தவறினால் வரும் கோபம் அவனுடைய எதிர்காலத்தை எண்ணியா, நம்முடைய மானத்தை எண்ணியா? அயல்வீட்டுப் பிள்ளை தவறியபோது ஆறுதலாகப் பேசிய நாவு, நம் பிள்ளையிடம் ஏன் தீயாக மாறுகின்றது?

பிழையை ஒப்புக்கொண்ட ஆயர்

அகுஸ்தீனாரோடு நெடுங்காலம் வாழ்ந்து அவரது வரலாற்றை எழுதிய ஆயர் பொசீதியுஸ் ஒரு செய்தி தருகின்றார். ஆயரின் உணவு மேசையில், அங்கில்லாதவரைக் குறைகூறுபவருக்கு இம்மேசையில் இடமில்லை என்னும் கருத்துப்பட ஒரு செய்யுள் எழுதப்பட்டிருந்தது. பழகிய ஆயர்கள் சிலர் அதை மீறியபோது, ஒன்றில் அதை அழித்துவிடுங்கள், அல்லது நான் எழுந்து அறைக்குப் போய்விடுவேன் என்னும் அளவுக்கு அவர் கடிந்துகொண்டார்.

பிறர் குறை பேசாத அவர், தம் குறையைப் பேசத் தயங்கவில்லை. ஹிப்போவிலிருந்து நாற்பது மைல் தூரத்திலிருந்த புஸ்ஸாலா என்னும் ஊருக்கு ஓர் ஆயர் தேவைப்பட்டார். தெரிவுசெய்து வைத்திருந்த குரு கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார். திருநிலைப்படுத்த வந்த முதிய ஆயரை வெறுங்கையோடு அனுப்ப மனமின்றி, தம் மடத்திலே சிறுவயது முதல் வளர்ந்த அந்தோனீனுஸ் என்னும் இளைஞரை அகுஸ்தீனார் அவசரமாக முன்னிறுத்தினார். அவர் போதிய வயதோ அனுபவமோ அற்றவர். ஆயரானதும் அவர் மக்களை வாட்டினார். அவர்களுடைய உடைமைகளைப் பறித்தார். விசாரணை நடத்திய ஆயர்கள் மக்கள் மீதான அதிகாரத்தை அவரிடமிருந்து நீக்கினர். அவரோ உரோமாபுரிக்கு முறையிட்டார்.

அப்போது முதுமையெய்திய அகுஸ்தீனார், 422ஆம் ஆண்டளவில் பாப்பரசராகிய முதலாம் செலஸ்தீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் வளர்த்த பிள்ளையின் குற்றத்தை மறைக்கவில்லை. அக்குற்றத்துக்குத் தம் அவசரமும் கவனக்குறைவும் காரணம் என்பதையும் மறைக்கவில்லை. அந்த எளிய மக்களைக் காப்பாற்றும்படி மன்றாடினார். அவர்களுக்கு மேலும் தீங்கு நேர்ந்தால், ஆயர் பொறுப்பையே விட்டு விலகித் தம் பிழைக்காக அழுவதாகவும் எழுதினார். கிறிஸ்தவ உலகம் முழுவதும் போற்றிய ஒருவர், தம் கையால் ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று தலைகுனிந்தார்.

426, 427ஆம் ஆண்டுகளில் தாம் எழுதிய நூல்களையெல்லாம் மீண்டும் எடுத்துப் படித்தார். தொண்ணூற்று மூன்று நூல்களை வரிசையாக ஆராய்ந்து, எங்கெங்கே தவறினேன், எங்கெங்கே அளவுமீறிச் சொன்னேன் என்று தம் பிழைகளைத் தாமே திருத்தி ஒரு நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

சுவரில் தொங்கிய சங்கீதங்கள்

430ஆம் ஆண்டில் வந்தாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டது. மூன்றாம் மாதத்தில் அகுஸ்தீனார் காய்ச்சலில் விழுந்தார். தாவீதரசரின் மனஸ்தாப சங்கீதங்களை எழுதுவித்து, படுக்கையிலிருந்தே வாசிக்கும்படி சுவரில் தொங்கவிடச் செய்தார். மருத்துவர் வரும் நேரமும் உணவு வரும் நேரமும் தவிர வேறு எவரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சுமார் பத்து நாட்கள் அச்சங்கீதங்களை வாசித்து இடைவிடாது அழுதார். திருமுழுக்குப் பெற்றபின் எவ்வளவு நேர்மையாக வாழ்ந்தவராயினும், தகுந்த மனஸ்தாபமின்றி இவ்வுலகை விட்டுப் போகக்கூடாது என்று அவர் முன்னரே கூறியிருந்தார். ஓகஸ்ட் 28ஆம் திகதி, தமது எழுபத்தைந்தாவது வயதில், உடன்பிறப்புக்களான துறவிகள் செபித்துக்கொண்டிருக்க உயிர்நீத்தார். மரணசாசனம் எழுத அவரிடம் சொத்து எதுவும் இருக்கவில்லை.

அன்பான தந்தையரே, பத்ரீசியுஸ் மகனுக்கு வாழ்வில் உயர்வைத் தேடிக் கொடுத்தார். அகுஸ்தீனார் தம் மகனுக்குக் கொடுத்ததோ, தம் குற்றத்தை ஒளிக்காத ஒரு தகப்பனை. பிள்ளைகளின் பிழைகளை நாம் நாள்தோறும் எண்ணிக்கொள்கின்றோம். நம்முடைய பிழைகளை அவர்களும் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள், மனைவியும் அறிவாள், அறியாதவர் நாம் ஒருவரே. மகனிடம் தவறு செய்த அன்று, நான் பிழைவிட்டுவிட்டேன், மகனே என்று சொல்ல ஒரு தகப்பனுக்கு அரை நிமிடம் போதும். அதனால் அவருடைய மதிப்புக் குறைவதில்லை. அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிட அஞ்சமாட்டான்.

இவ்வாண்டு புனித அகுஸ்தீனாரின் திருநாளன்று, இரவுச் செபம் முடிந்து பிள்ளைகள் உறங்கச் சென்றபின், குடும்பத் தலைவர்கள் சிறிது நேரம் ஆண்டவர் திருமுன் தனியே அமர்ந்திருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பதை முகத்துக்கு முன்னால் கொண்டுவரும் அருளை அவர் வழியாக வேண்டுவோம்.